பந்து வருமுன் அங்கே நிற்பவர்: பாவ்லோ மால்டினியின் 25 சீசன்கள்

[திரையில்: பனிக்காலத்து மைதானம், பழைய ஒளிப்பதிவு]

வணக்கம். 1985 ஜனவரி 20 அன்று, வடகிழக்கு இத்தாலியின் உதினே நகரில் உதினேசே அணிக்கும் ஏசி மிலானுக்கும் கால்பந்து லீக் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மிலான் வீரர் செர்ஜியோ பத்திஸ்தினி காயமடைந்திருந்ததால், இடைவேளையில் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோல்ம், மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையன் ஒருவனை எழுப்பி உள்ளே அனுப்பினார். ஆட்டம் 1-1 என முடிந்தது. அந்தச் சீசன் முழுவதிலும் அவன் ஆடிய லீக் ஆட்டம் அது ஒன்றுதான். ஆனால் அடுத்த சீசனில் அணிக்குள் வந்தவன், 2009ஆம் ஆண்டு தானாக விடைபெறும்வரை அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. வேறு எந்த கிளப்புக்கும் ஆடாமல், மிலானுக்காக மட்டும் 902 அதிகாரபூர்வ ஆட்டங்களில் இறங்கினார் பாவ்லோ மால்டினி.

ஒரு தடுப்பாட்டக்காரரின் வாழ்க்கையை வீடியோவில் விளக்குவது எளிதான வேலை அல்ல. முன்கள வீரர் என்றால் அவர் அடித்த கோல்களை வரிசையாகக் காட்டிவிடலாம். மால்டினியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் அவர் சறுக்கிச் சென்று பந்தைப் பறிக்கும், அதாவது டேக்கிள் செய்யும், காட்சிகளே இருக்கின்றன. ஆனால் ஓர் ஆட்டத்தை முழுதாக, 90 நிமிடமும் அவரை மட்டும் கவனித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும்: அவரது சிறந்த தருணங்களில் அவர் பந்தைத் தொடுவதே இல்லை. எதிரணி விங்கர் (மைதானத்தின் ஓரமாகத் தாக்குபவர்) ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், பந்தைக் கொடுக்க நினைத்த இடத்தில் மால்டினி ஏற்கெனவே நிற்கிறார், பந்து பின்னோக்கிப் போகிறது. அதை யாரும் வெட்டியெடுத்துத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. 'நான் டேக்கிள் செய்ய வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன்பே ஒரு தவறு செய்துவிட்டேன் என்று பொருள்' என்ற கருத்து அவர் சொன்னதாகப் பரவலாக வழங்குகிறது. அவரது ஆட்டத்தை அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. இந்த வீடியோ முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கான விரிவுரைதான்.

[திரையில்: 1963, வெம்பிளி, கோப்பையைத் தூக்கும் மிலான் கேப்டன்]

படத்தில் இருப்பவர் பாவ்லோ அல்ல, அவருடைய தந்தை செசாரே மால்டினி. அவரும் தடுப்பாட்டக்காரர், அவரும் மிலான் கேப்டன். 1963 மே 22 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் பென்ஃபிகாவை 2-1 என்ற கணக்கில் வென்று, ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) பெற்ற முதல் இத்தாலிய அணி மிலான். அப்படிப்பட்டவரின் மகன் அதே கிளப்பின் சிறுவர் அணியில் பத்து வயதில் சேர்ந்தால் ஊர் என்ன பேசும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் பெயரால் இடம் கிடைத்தது என்ற பேச்சு, அவர் ஆடத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் அடங்கிப்போனது.

இனி அவரது ஆட்டத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். மால்டினி இயல்பில் வலதுகால் ஆட்டக்காரர். ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதியை இடது பக்கத் தடுப்பாட்டக்காரராகவே ஆடினார். எதிரணியின் வலது விங்கர் பந்தோடு தன்னை நோக்கி ஓடிவரும்போது, பெரும்பாலான தடுப்பாட்டக்காரர்கள் நேருக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்பார்கள். அப்படி நின்றால் இரு பக்கமும் திறந்திருக்கும். கால்களுக்கு நடுவிலும் பந்து போகும். மால்டினி பக்கவாட்டில் திரும்பி, முழங்காலைச் சற்று மடக்கி, ஒன்றரைக் கை தூரம் விட்டு, விங்கரின் வேகத்திலேயே பின்னோக்கி நகர்வார். கண் பந்தின் மீது இருக்கும், விங்கரின் தோள் அசைவில் இருக்காது. தோள் ஏமாற்றும், பந்து ஏமாற்றாது. விங்கர் இரண்டு மூன்று முறை பந்தைத் தட்டுவார். அவற்றில் ஏதோ ஒரு தட்டல் ஒரு சாண் கூடுதலாகப் போகும். அந்தக் கணத்தில்தான் மால்டினியின் கால் நீளும். உள்ளே திரும்பினால் வலுவான வலது கால் காத்திருக்கிறது. கோட்டோரமாக வெளியே போனால், வருடக்கணக்கில் பயிற்சி செய்து வலது காலுக்கு இணையாக வளர்த்தெடுத்த இடது கால் இருக்கிறது. வந்தவருக்கு எந்தப் பக்கமும் எளிதான பக்கமாக இல்லை.

தனியாக ஒருவர் எவ்வளவு திறமையாக நின்றாலும், நான்கு பேர் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் பயனில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் 1987இல் மிலானுக்கு வந்த அர்ரிகோ சாக்கி. தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் ஆடாத அவரை இத்தாலியப் பத்திரிகைகள் முதலில் ஏற்கவில்லை. இத்தாலியில் அதுவரை தடுப்பாட்டம் என்பது ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது. சாக்கி அந்த முறையை மாற்றி, எதிராளியைப் பின்தொடராமல் இடத்தைக் காக்கச் சொன்னார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே ஏறத்தாழ 25 மீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். பந்து நகர நகர, ஒரே கயிற்றில் கட்டியதுபோல எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும்.

[திரையில்: மைதானத்தின் வரைபடம், ஒரே கோட்டில் நகரும் நான்கு புள்ளிகள்]

தன் முறையை, அணியின் தாக்குதல் நட்சத்திரங்களான ரூட் குல்லிட்டுக்கும் மார்கோ வான் பாஸ்டனுக்கும் நிரூபிக்க அவர் வைத்த ஒரு பயிற்சியைப் பற்றிச் சாக்கியே சொல்லியிருக்கிறார். கோல்கீப்பர் ஜியோவன்னி கல்லி, அவருக்கு முன்னால் டஸோட்டி, பரேசி, கோஸ்டாகுர்டா, மால்டினி என ஐந்து பேர் ஒரு பக்கம். குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்டு, அன்செலோட்டி, டொனடோனி உள்ளிட்ட பத்துப் பேர் எதிர்ப்பக்கம். பதினைந்து நிமிடம் நேரம். பந்தை இழந்தால் அந்தப் பத்துப் பேரும் தங்கள் பாதியில் பத்து மீட்டர் உள்ளேயிருந்து மறுபடி தொடங்க வேண்டும். உலகத்தின் தலைசிறந்த தாக்குதல் வீரர்கள் அந்த ஐந்து பேருக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த அணிதான் 1989இல் பார்சிலோனா நகரில் ஸ்டீவா புக்கரெஸ்டை 4-0 என்றும், 1990இல் வியன்னாவில் பென்ஃபிகாவை 1-0 என்றும் வென்று, அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளைப் பெற்றது. கடைசியில் குறிப்பிட்ட ஆட்டத்தின்போது மால்டினிக்கு வயது 21.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. மால்டினி ஆடிய காலத்தில்தான் தடுப்பாட்டக்காரர்களின் சௌகரியங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1990இல் ஆஃப்சைடு விதி, அதாவது பந்து தரப்படும் கணத்தில் எதிரணித் தடுப்பைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி, தளர்ந்தது. கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்க்கோட்டில் நிற்கும் முன்கள வீரர் ஆஃப்சைடு இல்லை என்றானது. 1992 முதல், சக வீரர் காலால் தள்ளிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது. நெருக்கடி வந்தால் பின்னால் தட்டிவிட்டு மூச்சு வாங்கும் வழி அடைபட்டது. 1998இல், பின்னாலிருந்து எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும்படி செய்யும் டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்று விதி இறுகியது. முரட்டுத்தனத்தை நம்பி வாழ்ந்த எத்தனையோ தடுப்பாட்டக்காரர்களுக்கு இந்தப் பத்தாண்டு சோதனையாக அமைந்தது. இரு கால்களாலும் பந்தைக் கையாளத் தெரிந்த, டேக்கிளைக் கடைசி வழியாக மட்டுமே வைத்திருந்த மால்டினிக்கு இந்த மாற்றங்களால் பெரிய இழப்பு இல்லை. அவர் நாற்பது வயதுவரை ஆடியதற்கு உடற்பயிற்சியைவிட இதுவே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

பெரும்பாலும் சாக்கிக்குப் பின் வந்த ஃபாபியோ கபெல்லோவின் கீழ், 1991 மே மாதம் முதல் 1993 மார்ச் வரை 58 லீக் ஆட்டங்களில் மிலான் தோற்கவேயில்லை. ஆனால் தடுப்பாட்டத்தை விரும்புபவர்கள் திரும்பத் திரும்பப் பேச வேண்டியது 1993-94 சீசனைப் பற்றித்தான். 34 லீக் ஆட்டங்களில் மிலான் அடித்த கோல்கள் 36 மட்டுமே. ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோல் என்பதைச் சற்றே தாண்டிய கணக்கு. அவ்வளவை மட்டும் அடித்துவிட்டுப் பட்டத்தையும் வென்றது, ஏனென்றால் வாங்கிய கோல்கள் 15தான். கோல்கீப்பர் செபாஸ்தியானோ ரோஸி தொடர்ந்து 929 நிமிடங்கள் லீக்கில் கோல் வாங்காமல் இருந்தார்.

அந்த ஆண்டின் ஐரோப்பிய இறுதியாட்டம் மே 18 அன்று ஏதென்ஸில் நடந்தது. எதிரணி யோஹான் குரூயிஃப் பயிற்றுவித்த பார்சிலோனா. முன்வரிசையில் ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும். மிலானின் மையத் தடுப்பாட்டக்காரர்களான பரேசி, கோஸ்டாகுர்டா இருவருக்கும் ஆடத் தடை. தடுப்பின் நடுவே பெரிய ஓட்டை விழுந்ததாகத்தான் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் நினைத்தார்கள். கபெல்லோ இடது பக்கத்திலிருந்த மால்டினியை நடுவே கொண்டுவந்து ஃபிலிப்போ கல்லிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நடுவில் ஆடுவது முற்றிலும் வேறு வேலை. ஓரத்தில் ஆடுபவருக்கு எல்லைக்கோடே ஒரு துணை. நடுவில் ஆடுபவருக்கு நான்கு திசையிலும் ஆபத்து, அதோடு முழுக் கோட்டையும் முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவருடையது. ரொமாரியோவுக்கு அன்று திரும்பி நின்று பார்க்க இடமே கிடைக்கவில்லை. மிலான் 4-0 என்று வென்றது.

[திரையில்: பசடீனா, 1994 ஜூலை 17]

இத்தாலிய தேசிய அணியில் அவர் கதை வேறு. 126 ஆட்டங்கள், நான்கு உலகக் கோப்பைத் தொடர்கள், மூன்று ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தொடர்கள். ஒரு பட்டம்கூட இல்லை. 1990இல் சொந்த மண்ணில் மூன்றாம் இடம். 1994 இறுதியில் பிரேசிலை 120 நிமிடங்கள் கோல் இல்லாமல் தடுத்துவிட்டு, பெனால்ட்டியில் தோல்வி. 1998இல் அப்பா செசாரே பயிற்சியாளர், மகன் கேப்டன். கால் இறுதியில் பிரான்ஸிடம் மறுபடியும் பெனால்ட்டியில் தோல்வி. 2000 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியில், கோப்பைக்குச் சில விநாடிகள் இருந்தபோது பிரான்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ட்ரெசகேயின் தங்கக் கோலால் (விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) வென்றது. 2002இல் தென்கொரியாவின் டேஜான் நகரில், 117ஆவது நிமிடத்தில் ஆன் ஜங்-ஹ்வான் எம்பித் தலையால் முட்டிய பந்து இத்தாலியை வெளியேற்றியது. அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள்: ஆன் எம்பும்போது அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மால்டினி. எட்டு நாளில் 34 வயது ஆகவிருந்தவர் அந்த ஒரு கணத்தில் பிந்திவிட்டார். நூறு ஆட்டங்களில் சரியாக நின்றதை எடுத்துக்காட்ட நமக்குக் காட்சி கிடைப்பதில்லை. தவறாக நின்ற ஒரு விநாடி மட்டும் எல்லாத் தொகுப்புகளிலும் இருக்கிறது. அத்துடன் அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2006இல், அவர் இல்லாத இத்தாலி உலகக் கோப்பையை வென்றது.

அந்தத் தோல்விக்கு அடுத்த ஆண்டே, 2003 மே 28 அன்று, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் யுவென்டஸைப் பெனால்ட்டியில் வென்று, கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அப்பா அதே கோப்பையை அதே இங்கிலாந்தில் தூக்கிச் சரியாக 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. 120 நிமிடங்கள் கோலே விழாத அந்த ஆட்டத்தைச் சலிப்பானது என்று சொல்வோர் உண்டு. நடுவே மால்டினியும் நெஸ்தாவும் சேர்ந்து நின்ற விதத்தை ஒருமுறை கவனித்துப் பார்த்தால் அந்தக் கருத்து மாறும். அன்றைய சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் மால்டினி.

2005 மே 25, இஸ்தான்புல். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலது பக்கத்திலிருந்து சக வீரர் பிர்லோ அடித்த ஃப்ரீ கிக் பெனால்ட்டி பகுதிக்குள் இறங்க, வலது காலால் அதைத் தரைக்கு அருகிலேயே அடித்து லிவர்பூல் வலைக்குள் செலுத்தினார் 36 வயது மால்டினி. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் மிக வேகமான கோல் அது. இடைவேளையில் மிலான் 3-0 முன்னிலை. பிறகு ஆறு நிமிடத்துக்குள் மூன்று கோல்களை வாங்கி, பெனால்ட்டியில் கோப்பையையே இழந்தது. வாழ்நாளெல்லாம் கோல் விழாமல் காத்த ஒருவர், தான் கோல் அடித்த இறுதியாட்டத்தில் தன் கண்ணெதிரே அந்த ஆறு நிமிடங்களைக் கண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்றபோது அவருக்கு வயது 38, முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தது. அவர் ஆடிய எட்டாவது ஐரோப்பிய இறுதியாட்டம் அது. வென்ற ஐந்தாவது கோப்பை.

[திரையில்: சான் சீரோ, 2009 மே 24]

சொந்த மைதானத்தில் அவரது கடைசி ஆட்டத்தில் ரோமாவிடம் மிலான் 2-3 என்று தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, தீவிர ரசிகர் கூட்டத்தின் ஒரு பகுதியினர் விசில் அடித்து அவமதித்தார்கள். கேப்டன் என்றால் அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த பரேசி ஒருவரே என்ற பொருளில் பதாகை பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தோடு சமரசம் செய்துகொள்ளாமலேயே அவர் இத்தனை காலம் கேப்டனாக இருந்தார் என்பதுதான் அவர்களது கோபம். அதற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மே 31 அன்று, ஃபிளாரன்ஸில் ஃபியோரென்டினாவுக்கு எதிராகக் கடைசியாக இறங்கினார். மிலான் 2-0 என்று வென்றது. அவர் வெளியே வந்தபோது, தங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்த அந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று அவர் கழற்றிய மூன்றாம் எண் சட்டையை மிலான் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. அவருடைய மகன்கள் மிலானின் முதன்மை அணிக்கு வந்தால் மட்டும் அணியலாம் என்று விலக்கும் வைத்தது. இளைய மகன் டேனியல் 2020இல் அந்த அணிக்குள் வந்தார். அவர் தாக்குதல் ஆட்டக்காரர். பின்னர் மிலானில் அவர் அணிந்த சட்டையில் எண் 27.