கோழியின் பின்பக்கப் புண்

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவமனைக்கு மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் கோழியைத் தனியாகக் கொண்டுவருவது அரிது. ஆட்டுக்கு ஊசி போட்டு முடித்து, சீட்டையும் வாங்கிய பிறகுதான், மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பெட்டையை எடுத்து, "இதுவும் ரெண்டு நாளா தீனி எடுக்கல சார்" என்று சற்றுக் கூச்சத்தோடு நீட்டுவார்கள். சில நூறு ரூபாய் பெறும் கோழிக்கு வைத்தியமா என்ற கூச்சம் அது. அந்தப் பெட்டையைத் திருப்பிப் பார்த்தால், மேலே இறகெல்லாம் ஒழுங்காக இருக்கும். கீழே, வால் தூக்கும் இடத்தில், எச்சமும் சீழும் காய்ந்து தார் பூசியதுபோல் இறகு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் நோய் அன்று அது. குறைந்தது ஒரு வாரமாக அங்கே இருந்திருக்கிறது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கோழியின் பின்பக்கத்தில் இருப்பது ஒரே வாசல். எச்சம், அதன் மேல் வெள்ளையாகப் படியும் சிறுநீர், முட்டை ஆகிய மூன்றும் அந்த எச்சத்துவாரத்தின் வழியாகவே வெளிவருகின்றன. அப்படியானால் முட்டையில் ஏன் எச்சம் படிவதில்லை என்று கேட்கலாம். முட்டை வெளிவரும்போது முட்டைப்பாதையின் கடைசிப் பகுதி சட்டைக் கையை வெளிப்புறமாகத் திருப்புவதுபோல் திரும்பி, முட்டையை வெளியே விட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடும். அந்தச் சில நொடிகளில் ஈரமான செந்நிறச் சதை வெளியே தெரியும். சிவப்பைக் கண்டால் கொத்திப் பார்ப்பது கோழியின் சுபாவம். திறந்த வெளிச்சமான இடத்தில் முட்டையிடும் பெட்டையை மற்றக் கோழிகள் பின்னாலிருந்து கொத்திப் புண்ணாக்குவதற்கு இதுதான் பெரும்பாலும் தொடக்கம். நம் வீடுகளில் இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட கூடையை முட்டையிட வைப்பது வெறும் பழக்கம் இல்லை, அந்தச் சில நொடிகளுக்கான மறைப்பும் அதுதான்.

நல்ல நிலையில் உள்ள துவாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது கண்ணில் படும். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கு அது அகலமாக, ஈரப்பசையோடு, வெளிர் சிவப்பாக இருக்கும். அடையில் இருக்கும் கோழிக்கும் முட்டையை நிறுத்திய கோழிக்கும் சிறுத்துச் சுருங்கி, வட்டமாக, உலர்ந்து இருக்கும். இரண்டும் இயல்பே. சுற்றியுள்ள பூ இறகு பஞ்சுபோல் உலர்ந்திருக்க வேண்டும். மாலையில் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைக்கும்போது ஒன்றிரண்டையாவது கையில் தூக்கித் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்க்கச் சொல்வேன். முகர்வதா என்று சிரிப்பார்கள். புழு வைத்த புண்ணையும் பூஞ்சைத் தொற்றையும் கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

மருந்துக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் அழுக்காக இருப்பதெல்லாம் பின்பக்கத்து நோய் இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தலையைத் தொங்கப் போட்டு, கழுத்து முறுக்கி, கூட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று கோழிகளும் அடுத்தடுத்துச் சோர்ந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் இருவாரத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவதும் அதனால்தான். ஒரே ஒரு கோழி, அதுவும் பின்பக்கம் மட்டும் கெட்டிருக்கிறது என்றால்தான் நான் இன்று சொல்லும் வைத்தியம் பொருந்தும்.

முதலில் அந்தக் கோழியை மற்றவற்றின் கண்ணில் படாமல் பிரித்து வையுங்கள். பிறகு கழுவ வேண்டும். இந்தக் கழுவும் வேலை மருந்தைவிட முக்கியம் என்பது என் அனுபவம். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதிப் புண் தானே ஆறத் தொடங்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 9 கிராம் கல் உப்பையோ தூள் உப்பையோ கரைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு ஆற வையுங்கள். கோழியின் தலையை ஒரு துண்டால் மூடினால் அது அடங்கிவிடும். நெஞ்சை மட்டும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்க உதவும் தசை, இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அந்த அசைவை அழுத்தி நிறுத்தினால், வைத்தியம் செய்பவர் கையிலேயே அது மூச்சடைத்துப் போகும்.

காய்ந்த எச்சத்தைப் பிய்த்து இழுக்காதீர்கள். அதனோடு தோலும் வந்துவிடும். பின்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான உப்புநீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் தானாக இளகிக் கழன்றுவிடும். ஒட்டிய இறகைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டாம். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும். பிடுங்கினாலும் அடியோடு வெட்டினாலும் இரத்தம் கொட்டும், அந்தச் சிவப்பு மறுபடியும் கொத்தலை அழைக்கும். புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகில்லாமல் இருந்தால் மருந்து தோலில் படும், ஈரம் தங்காது.

கழுவிய பின் துடைத்து, முழுவதும் உலர்த்த வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, மார்கழி மாதத்து மாலை நேரத்தில், ஒரு பாட்டி கொண்டுவந்த பெட்டையின் புண்ணைப் பாடத்தில் படித்தபடி சுத்தமாகக் கழுவி, மருந்து வைத்து, அரைகுறை ஈரத்தோடு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பாட்டி வெறுங்கையோடு வந்து, "நோவுல சாகல தம்பி, குளுருல வெறச்சுப் போச்சு" என்றார். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் காப்பது உலர்ந்த இறகுதான். நோயாளிக் கோழியை நனைத்து இரவுப் பனியில் விடுவது என்பது அதன் போர்வையைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். அன்றிலிருந்து முற்பகலில் மட்டுமே கழுவச் சொல்கிறேன்.

உலர்ந்த பிறகு போவிடோன் அயோடின் கரைசலைத் தண்ணீர் கலந்து, பால் சேர்க்காத வெளிறிய தேநீரின் நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சால் தொட்டு வைத்தால் போதும். மருந்தை அப்படியே ஊற்றினால் ஆறி வரும் சதையும் வெந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்ப்பதற்கு நம்பிக்கை தரும். ஆனால் தினமும் ஊற்றினால் புண் ஆறுவதைத் தள்ளிப்போடும். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். பெயர் 'கெய்ன்' என்று முடியும் அந்த மருந்துகள் பறவைகளுக்கு அளவு சற்று மீறினாலும் ஆபத்தானவை. கொத்தலைத் தடுக்க முன்பெல்லாம் ஊதா மருந்து பூசிச் சிவப்பை மறைப்போம். முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் பறவையில் அது இப்போது உகந்ததாகக் கருதப்படுவதில்லை. பிரித்து வைப்பதே போதும். புண்ணில் கட்டியான சீழ் இருந்தால் பிதுக்க முயலாதீர்கள். ஆட்டின் சீழ்போலக் கோழியின் சீழ் ஒழுகாது, காய்ந்த தயிர்க்கட்டிபோல் இறுகிவிடும். அதைக் கீறி எடுப்பது மருத்துவரின் வேலை.

இனி புழுப்புண். எச்சம் ஒட்டிய ஈர இறகில் ஈ முட்டையிட்டால், ரவை சிதறியதுபோல் வெள்ளையாகத் தெரியும். வெயில் காலத்தில் ஒரே நாளில் அது புழுவாகிச் சதைக்குள் நுழைந்துவிடும். புழுவின் மூச்சுத்துளை அதன் பின்முனையில் இருக்கிறது. ஆகவே அது தலையைச் சதைக்குள் புதைத்து, பின்முனையை வெளியே நீட்டிக்கொண்டு சாப்பிடும். அந்த மூச்சுத்துளையை எண்ணெயால் அடைத்தால் மூச்சுக்குத் தவித்து வெளியே வரும். ஒரு சிறு வில்லை சூடத்தைப் பொடித்து நாலைந்து கரண்டி தேங்காய் எண்ணெயில் கரைத்து, புண்ணின் குழிகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, வெளிவரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீரால் மறுபடி கழுவுங்கள். ஒரே தடவையில் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இறகின் இடுக்கில் மிச்சமிருந்த முட்டைகள் மறுநாள் பொரிக்கும். ஆகவே மறுநாள் காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும்.

சூடம் என்று நான் சொன்னதைத் துணிக்கு வைக்கும் பாச்சா உருண்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பொடித்துப் புண்ணில் அடைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அது நஞ்சு, தோல் வழியாக உள்ளே போகும், அலகால் கோதும்போது வயிற்றுக்கும் போகும். மண்ணெண்ணெய், பினாயில், மாட்டுக்கு ஊற்றும் டர்பன்டைன் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். மாட்டுத் தோல் தாங்குவதைக் காகிதம்போல் மெல்லிய கோழித் தோல் தாங்காது.

புழு நீங்கிய புண்ணுக்கு வீட்டிலேயே காய்ச்சும் ஒரு எண்ணெய் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக முன்னாள் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் மாட்டின் காயங்களுக்கென்று பரப்பிய மரபுவழி முறை அது: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகள் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆற வைப்பது. ஒரு கோழிக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு தாராளம். சுத்தமான புண்ணின் மேல் மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். இறகெல்லாம் எண்ணெயில் ஊறினால் அதுவும் குளிருக்குத்தான் வழி. பழைய நைலான் சேலையைப் பஞ்சாரத்தின் மேல் இழுத்துக் கட்டிவிட்டால் ஈ அண்டாது, காற்றும் போகும்.

புண்ணே இல்லாமல், வெள்ளையாகப் பசைபோல் ஒழுகி, புளித்த மாவும் அழுகலும் கலந்த வாடை அடித்தால், பெரும்பாலும் அது காண்டிடா என்னும் பூஞ்சை வகைத் தொற்று. பூசணம் பிடித்த தீனி, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, நாள்கணக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஆகியவை அதற்கு வழிவிடும். இங்கேதான் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் கெடுதல் செய்கிறது: பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் அந்த மாத்திரை கொன்றுவிடும். பூஞ்சைக்கு உரிய மருந்தை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். எந்த மருந்து கொடுத்தாலும், அவர் சொல்லும் நாள் வரை அந்தக் கோழியின் முட்டையை வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம்.

முட்டைப்பாதையே வெளியே தள்ளி, செந்நிற உருண்டையாகத் தொங்கினால் நேரம் குறைவு. கழுவி, வீக்கம் வடியச் சர்க்கரையைக் கெட்டியாகக் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்து, எண்ணெய் தொட்ட விரலால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உள்ளே முட்டை சிக்கியிருப்பதாகக் கைக்குத் தட்டுப்பட்டால் தள்ளக் கூடாது, உடைக்கவும் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே போன சதை மீண்டும் தள்ளாமல் இருக்க, கோழி சில நாளைக்கு முட்டையிடாமல் இருப்பது நல்லது. இருட்டான இடத்தில் பகலில் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே வெளிச்சம் படும்படி வைத்து, தீனியையும் குறைத்தால் முட்டை நிற்கும். சதை கறுத்திருந்தாலும், கீரியோ நாயோ கடித்து வயிற்றுக்குள் வரை ஓட்டை விழுந்திருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். சில வேளைகளில் துன்பமில்லாமல் முடித்துவிடுவதே நாங்கள் சொல்லக்கூடிய யோசனையாகவும் இருக்கும்.

தோல் மூடி, பொருக்கு உதிர்ந்து, புது இறகின் முளை தெரிய இரண்டு மூன்று வாரமாகும். அதற்கு முன் கூட்டத்தில் விட வேண்டாம். விடும்போதும் பகலில் கொண்டுபோய் இறக்கினால், பழைய தோழிகளே அந்நியக் கோழி என்று எண்ணிச் சூழ்ந்துகொண்டு கொத்தும். பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்த பிறகு, விளக்கில்லாமல் போய், நடுவில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கும்போது சற்று நேரம் அங்கேயே நின்று, எந்தக் கோழி எதன் பின்னால் போகிறது என்று பாருங்கள். வணக்கம்.