‘ப’ வராத அந்தக் கணம்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால, கடற்கரை ரயில் பாதையடியில இருந்து கதைக்கிறன். ரயில் வந்தா கொஞ்சம் பொறுங்க. நான் திக்கிற இடம் எதையும் இண்டைக்கு வெட்டப்போறதில்ல.

எனக்குச் சின்ன வயசில இருந்தே திக்கும். அம்மம்மா “கொன்னை தட்டுறான்” எண்டு சொல்லுவாங்க. கொழும்பு கோட்டையில 100 நம்பர் பஸ் ஏறினா நான் இறங்கிற இடம் ப... ப... பம்பலப்பிட்டி. அந்த ‘ப’ வராது. ரெண்டு உதடும் ஒட்டினபடியே நிக்கும். கொண்டக்டர் பாத்துக்கொண்டு நிப்பார், பின்னால சனம் தள்ளும். கனநாள் “வெள்ளவத்தை” எண்டு சொல்லி, கூடக் காசு குடுத்து, பம்பலப்பிட்டியிலயே இறங்கியிருக்கிறன்.

“மூச்சை எடு, யோசிச்சுக் கதை” எண்டு எனக்குச் சொல்லாத ஆளில்ல. சொல்லு எனக்குத் தெரியும். எழுதச் சொன்னா எழுதுவன். அப்ப எங்க சிக்குது?

ஜெர்மனியில கோட்டிங்கன்ல நிக்கோல் நீஃபும் அவவோட சேர்ந்தவங்களும் 2015இல வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தேடினது. தலைக்கு மேல ஒரு கம்பிச் சுருளைப் பிடிப்பாங்க. அதில ஒரு கணம் மின்சாரம் பாய, காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டிப் போய் மூளையில சின்ன மின்னோட்டத்தை உண்டாக்கும். வெட்டுறது, துளைக்கிறது ஒண்டுமில்ல. 1985இல ஷெஃபீல்டில அந்தனி பார்க்கர் குழு காட்டின முறை. நாக்கை ஆட்டுற இடத்தைத் தூண்டினா நாக்குத் தசை துடிக்கும். அந்தத் துடிப்பு எவ்வளவு பெரிசோ, அவ்வளவுக்கு அந்த இடம் தயாரா இருக்கு எண்டு அர்த்தம்.

சரளமா கதைக்கிறவங்களுக்கு, ஒரு ஒலியில இருந்து அடுத்த ஒலிக்கு நாக்கு மாறப்போகேக்கயே மூளையின்ர இடது பக்கம் உசாராகிடுது. திக்கிற பெரியவங்களில அந்த உசாரைக் காணேல்ல. இதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்ல. பயந்தாங்கொள்ளி எண்டு என்னை நானே எத்தனை வருசம் திட்டியிருப்பன்! பதட்டம் திக்கலைக் கூட்டும், உண்மை. ஆனா மூலம் அது இல்ல.

இன்னொண்டு. கதிரேசன் கோயில்ல எல்லாரோடயும் சேர்ந்து தேவாரம் படிக்கேக்க எனக்கு ஒருநாளும் திக்கினதில்ல. திக்கிற கனபேருக்கு இப்படித்தான். கூட ஒரு குரல் வந்தா நாக்கு தானா ஓடும். ஒக்ஸ்ஃபோர்ட்டில ஜெனிஃபர் செஸ்டர்ஸ், கேற் வொட்கின்ஸ் குழு இந்தச் சேர்ந்து வாசிக்கிறதையும், தாளத்துக்குக் கதைக்கிறதையும் பயிற்சியா குடுத்து, கூடவே இடது முன்மூளைக்கு மெல்லிய மின்சாரமும் குடுத்தாங்க. 1 மில்லியம்பியர், 20 நிமிசம், 5 நாள். 30 ஆம்பிளைகள், அதில பாதிப் பேருக்குப் பொய்யான மின்சாரம், அதாவது குடுக்கிற மாதிரிப் பாவனை மட்டும். ஒரு கிழமைக்குப் பிறகு உண்மையான மின்சாரம் கிடைச்சவங்களுக்கு வாசிக்கிறதிலயும் கதைக்கிறதிலயும் திக்கல் குறைஞ்சிருந்தது. 6 கிழமையில வாசிக்கிறதில மட்டும்தான் அது மிஞ்சினது. 2018இல வந்த முடிவு.

30 பேர் எண்டது சின்னத் தொகை, பொம்பிளைகள் ஒருத்தரும் இல்ல. அதால தயவுசெய்து வீட்டில பற்றரியும் வயரும் எடுத்துத் தலையில வைச்சுப் பாக்காதீங்க. பிள்ளைக்குத் திக்கினா பேச்சுச் சிகிச்சையாளரிட்டக் காட்டுங்க. ராகமயில களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில இந்தத் துறையைப் படிப்பிக்கிறாங்க.

கொண்டக்டர் அண்ணாமார் யாரும் பாத்தா ஒரு கேள்வி... இல்ல, ஒரு வேண்டுகோள். நான் ‘ப’வில நிண்டா மிச்சத்தை நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லுறன், கொஞ்சம் நில்லுங்க.

அந்தா ரயில் வருது. உங்களுக்கு எந்த எழுத்து சிக்கும் எண்டு கீழ எழுதுங்க, எல்லாத்தையும் வாசிப்பன்.