இறுதிமொழி: இறந்தவர் சொன்னதா, இருந்தவர் சொன்னதா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புகழ்பெற்றோரின் இறுதிமொழிகளாக நாம் அறிந்தவை வரலாறா, புனைவா என்ற தலைப்பில், பெரும்பாலும் புனைவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

சாகும் தறுவாயில் எவரும் பொய் சொல்ல மாட்டார் என்று முழங்கி, எதிரணித் தலைவர் கைத்தட்டலும் வாங்கிவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்தச் சொல்லை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவர் சாகவில்லையே!

ரோமானிய ஆட்சியாளர் சீசரின் இறுதிமொழி ‘நீயுமா, புரூட்டஸ்’ என்று எதிரணித் தலைவர் உருக்கமாகச் சொன்னார். கி.மு. 44 மார்ச் 15 அன்று குத்துண்ட சீசர், முதல் குத்துக்கு எழுந்த முனகலைத் தவிர வேறொன்றும் பேசாமல் இறந்தார் என்றே ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். ‘மகனே, நீயுமா’ என்று கிரேக்கத்தில் கேட்டதாகச் சிலர் கூறுவதை அவர் பிறர் பேச்சாகவே ஒதுக்கி வைக்கிறார். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கோ, குத்த வந்தவர்களிடையே தம் நண்பர் புரூட்டஸைக் கண்டதும் சீசர் மேலாடையால் தலையை மூடிக்கொண்டார் என்கிறார். இவ்விருவருமே நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதியவர்கள். நம் காதில் ஒலிக்கும் வசனத்தை உலகெங்கும் பரப்பியது ஷேக்ஸ்பியரின் நாடகம். முக்காடிட்டுக்கொண்டு மௌனமாய்ச் சாகிற சீசரை வைத்துக்கொண்டு நாடகக்காரர் பாவம், என்னதான் செய்வார்?

நேரில் கண்ட சாட்சி இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று எதிரணி கேட்கக்கூடும். சாக்ரட்டீஸின் கடைசிப் பேச்சை நமக்குத் தந்த பிளேட்டோ, அன்று தாம் அங்கில்லை என்பதைத் தம் நூலிலேயே குறித்திருப்பதால், அவரை விட்டுவிட்டு ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு வருவோம். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் குண்டடிபட்டு, விக்டரி கப்பலின் கீழ்த்தளத்தில் அவர் கிடந்தபோது உடனிருந்தவர்கள் பலர். ‘இறைவனுக்கு நன்றி, என் கடமையைச் செய்துவிட்டேன்’ என்பது மருத்துவர் பீட்டி எழுதிவைத்தது. மார்பைத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்த பாதிரியார் ஸ்காட்டின் காதில் விழுந்ததோ ‘கடவுளும் என் நாடும்’ என்பது. மக்கள் மனத்தில் நிற்பது இவ்விரண்டுமல்ல. அதற்கு முன்பே கப்பல் தலைவர் ஹார்டியிடம் அவர் கேட்ட முத்தம்தான். கேட்டவர்கள் அருகிலேயே இருந்தும் இத்தனை வேறுபாடு!

1955 ஏப்ரல் 18 அன்று பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு இறந்தார். உடனிருந்த செவிலிக்கு ஜெர்மன் தெரியாது. அவர் எதையும் இட்டுக்கட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு சீடர் நின்றிருந்தால், நடுவர் அவர்களே, பிரபஞ்சத்தைப் பற்றி அருமையான வசனம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். எதிரணியினர் அதையும் வரலாறு என்றே வாதாடியிருப்பார்கள்.