பெரும்பங்கு எடுத்தவர் நட்டத்தையும் எடுக்கட்டும்

நடுவர் ஐயா அவர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

காலநிலை மாற்றத்துக்கு எல்லா நாடுகளும் சமமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை வாதாடினார். புயல் நாடு பார்த்து அடிப்பதில்லை, அப்புறம் பொறுப்பில் மட்டும் ஏன் வேறுபாடு என்று கேட்டார். சரி, புயல் பார்க்காது. புகை எங்கிருந்து வந்தது என்று நாம் பார்க்கலாமே!

தொழிற்புரட்சிக் காலம் முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து உலகம் வெளியிட்ட காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. அதில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வளியில் தங்கும். இன்றும் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 தொன், இலங்கையர் ஒருவருக்குச் சுமார் ஒரு தொன். நம் கரைவலைக்காரரைக் கேளுங்கள். மீனில் பெரும்பங்கு எடுக்கும் வலை முதலாளியான சம்மாட்டி, வலை கிழிந்தால் இழுத்தவர்களிடமா காசு கேட்கிறார்?

ஏழை நாடுகள் நியாயம் பேசிக்கொண்டு சும்மா இருக்கின்றன என்றும் சொன்னார்கள். நம் மாவட்டத்துச் சம்பூருக்குப் போய்ச் சொல்லுங்கள் அதை. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய அந்த மக்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்த அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இன்று அங்கே சூரிய மின் திட்டம் வருகிறது. நம் பங்கை நாம் செய்கிறோம்.

ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது என்ன நடந்தது? மூதூர், வெருகல் பக்கம் பெரும்போகத்துக்கு விதைத்த வேளாண்மை வெள்ளத்தில் போனது. கடல் சூடாகச் சூடாகப் புயல் கூடுதல் மழையைச் சுமந்து வருகிறது என்பது அறிவியல். அந்த வயலை யார் காசில் திருத்துவது? 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. 2022இல்தான் அந்தத் தொகை எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன், ஐயா! 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. மற்றவர் செய்த சேதத்தைத் திருத்த நாம் கடன்பட்டு, வட்டியும் கட்ட வேண்டுமாம். இதை உதவி என்று சொல்லவே எனக்கு நாக் கூசுகிறது.

சீனாவை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்கவில்லை. இன்று ஆண்டுதோறும் அதிகம் வெளியிடுவது சீனாதான், அதன் பொறுப்பும் வளர வேண்டும். 1992ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையே பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்கிறது. சீனா வளர்ந்ததால் பழைய கணக்கு அழிந்துவிடாது.

இதெல்லாம் உணர்ச்சிப் பேச்சு, சட்டத்தில் நிற்காது என்று அடுத்து வருபவர் சொல்லலாம். பசிபிக் தீவு மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு என்ற சிறு நாடு முன்னெடுத்த கேள்விக்கு 2025 யூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொல்லிவிட்டது. காலநிலைக் கடமையை மீறும் அரசு, அதனால் விளைந்தது என்று நிறுவப்படும் சேதத்துக்கு இழப்பீடு கொடுக்கவும் நேரலாம். அதற்குப் பதில் சொல்லிவிட்டு எதிரணி மேலே பேசட்டும்.