அக்காவின் வாய்ஸ் நோட்டும் பெர்லினில் ஒரு போனும்

வணக்கம் மக்களே, இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் பீலித் தண்ணீர். இன்றைக்குத் தோட்டம் சுற்றிக் காட்டப்போவதில்லை, ஒரு விஷயம் பேச வேண்டும்.

போன வாரம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவர் வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாய்ஸ் நோட் அனுப்பிக்கொண்டிருந்தார், நாட்டை விட்டுப் போய்விட்ட ஒரு பத்திரிகையாளருக்கு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுகிற, அதாவது எடையைக் குறைத்து எழுதுகிற கதை. கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலால் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி, தன் பெயர், டிவிஷன், லயத்து நம்பர் எல்லாம் சொல்லித்தான் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தப் பத்திரிகையாளர் வெளிநாட்டில்தானே இருக்கிறார், யார் என்ன செய்ய முடியும் என்று நாம் நினைக்கிறோம். கலினா திம்சென்கோவும் வெளிநாட்டில்தான் இருந்தார். ரஷ்யாவில் இருக்க முடியாமல் லாட்வியாவுக்குப் போய் மெடுசா என்ற செய்தித் தளத்தை நடத்துகிறவர். 2023 ஜனவரி கடைசியில் ரஷ்யா அந்தத் தளத்தை 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்தது. இரண்டு கிழமை கழித்து, பிப்ரவரி 10 வாக்கில், அவர் பெர்லினில் இருந்தபோது அவருடைய ஐபோனுக்குள் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் புகுந்தது. நாடு கடந்து வாழும் ரஷ்ய ஊடகக்காரர்களின் கூட்டத்துக்காக அங்கே போயிருந்தார். ஜூன் மாதம் ஆப்பிள் எச்சரிக்கை அனுப்பும்வரை அவருக்கே தெரியாது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடமும் அக்சஸ் நவ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பும் போனை ஆராய்ந்து உறுதி செய்தன. எந்த அரசு செய்தது என்று அவர்கள் பெயர் சொல்லவில்லை. ஆனால் பெகாசஸைச் செய்த இஸ்ரேலின் என்எஸ்ஓ கம்பனி, அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்று தானே சொல்கிறது.

வாட்ஸ்அப்பில் பூட்டு (என்க்ரிப்ஷன்) இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பூட்டு போகிற வழிக்குத்தான். நம் தோட்டத்துக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் பல தோட்டங்களில் தபால் இன்றைக்கும் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்த கடிதத்தில் ஓரம் பிரிந்து, மறுபடி ஒட்டிய பசை காய்ந்து மஞ்சளாக இருந்தது. அம்மா வெகுநேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெகாசஸில் நம் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பசைத் தடம்கூட இருக்காது. நீங்கள் கடிதத்தைப் பிரித்து வாசிக்கும்போது அதுவும் கூட இருந்து வாசிக்கும். மைக்கைத் திறக்கும், கேமராவைத் திறக்கும், படங்களை அள்ளும். லிங்க்கைத் தொடவே வேண்டாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2019இல் வாட்ஸ்அப் கோல் வழியாகச் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தார்கள், கோலை எடுக்காவிட்டாலும் போனுக்குள் ஏறிவிடும். வாட்ஸ்அப் போட்ட வழக்கில் என்எஸ்ஓதான் பொறுப்பு என்று 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சரி, அக்காவின் வாய்ஸ் நோட்டுக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாதது ஒமர் அப்துல்அசீஸின் கதை. சவூதி அரசை விமர்சித்துவிட்டுக் கனடாவில் தஞ்சமடைந்த இளைஞர். 2018இல் பார்சல் வந்திருக்கிறது என்ற மாதிரி ஒரு மெசேஜ், அதன் வழியாக அவருடைய போனுக்குள் பெகாசஸ். அவர் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகியோடு நெருக்கமாகப் பேசிவந்தவர். அந்த ஆகஸ்டில் சவூதியில் இருந்த அவருடைய சகோதரர்கள் இரண்டு பேரையும் நண்பர்களையும் பிடித்துப் போனார்கள். அக்டோபர் 2ஆம் தேதி கஷோகி இஸ்தான்புல்லில் கொல்லப்பட்டார். ஒமர் கனடாவிலேயே இருந்தார். அடி விழுந்தது ஊரில் இருந்தவர்களுக்கு.

அதனால்தான் சொல்கிறேன், நாடு விட்டுப் போன பத்திரிகையாளரின் போன் அவருடையது மட்டும் இல்லை. அதற்குள் நம் லயமும் இருக்கிறது. அவருக்குச் செய்தி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கொடுங்கள். கிலோ வெட்டுகிற கதையை நாம் சொல்லாமல் யார் சொல்வது? ஆனால் மறைந்துபோகும் மெசேஜை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள். போனில் அப்டேட் வந்தால் டேட்டா போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். ஐபோன் வைத்திருக்கிற பத்திரிகையாளர்கள் உளவு மென்பொருளுக்கு எதிராகப் போனை இறுக்கிப் பூட்டுகிற லொக்டவுன் மோடைப் போடுங்கள், 2022இல் இருந்து இருக்கிறது. இதெல்லாம் செய்தால் ஒன்றும் நடக்காது என்று சத்தியம் பண்ண முடியாது. உள்ளே வந்தாலும் அள்ளிக்கொண்டு போகக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

நேற்று என் ஹொட்ஸ்பொட்டில் அக்காவின் போனை அப்டேட் பண்ணிக் கொடுத்தேன். பழைய வாய்ஸ் நோட்டை இரண்டு பக்கமும் அழித்தாயிற்று. பெயரும் டிவிஷனும் இல்லாமல் மறுபடி பேசச் சொன்னேன். பட்டனை அமுக்கினார், பேசாமல் விட்டுவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பேர் சொல்லாட்டி நம்புவாங்களா தம்பி?"