ஏற்காடு ஏரி: தண்ணி போற வழியில ஒரு நாள்

[காட்சி: காலை மூடுபனி. படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் மிதிப்படகுகள்.]

ஏரி, காடு. இந்த ரெண்டும் சேர்ந்துதான் ஏற்காடு. ஊர் பேருலயே ஏரி முன்னால நிக்குது. ஆனா மேல வர்றவங்க பலபேர் அரைமணி நேரம் படகு மிதிச்சுட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில நின்னு போட்டோ எடுத்துட்டு இறங்கிடுறாங்க. அப்புறம் ஒரு குறை: "கிளியூர் அருவிக்குப் போனோம், சொட்டுத் தண்ணி இல்ல."

அந்த ஏமாற்றத்தை ஏரிக்கரையிலேயே தவிர்த்திருக்கலாம். ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் கிளியூர்ல அருவியா விழுது. ஏரி வழியலன்னா அங்க ஈரப்பாறைதான். அதனால இந்த வீடியோவுல தண்ணி எப்படி இறங்குதோ அந்த வழியிலயே போவோம்.

[காட்சி: அடிவாரம். "1/20" என்ற வளைவுப் பலகை.]

சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறரை டிகிரி குறையும்னு ஒரு கணக்கு உண்டு. அதன்படி சேலத்துல 36 டிகிரின்னா மேல 28. பகல்ல சுகமா இருக்கும். அருவியில நனைஞ்ச துணியோட சாயங்காலக் காத்துல நின்னா பல்லு கிட்டிக்கும். மாத்துத் துணி எடுத்துக்குங்க, குழந்தைகளுக்கு ரெண்டு செட்.

அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுற வண்டிக்கு வழி விடணும், வளைவுக்குள்ள வண்டியை நிறுத்தக்கூடாது. வழியில குரங்குக்கு எதையும் போடாதீங்க. நீங்க கொடுக்குற ஒரு பிஸ்கட்டுக்காக அடுத்த வண்டிக்காரரோட பையைப் பிடுங்கும். குப்பனூர் வழியா இன்னொரு பாதையும் உண்டு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுச்சு. கனமழை நாள்ல கிளம்புறதுக்கு முன்னாடி எந்தப் பாதை திறந்திருக்குன்னு கேட்டுக்குங்க.

[காட்சி: படகின் நடுவில் உள்ள கைப்பிடி, நெருக்கமாக.]

இப்ப ஏரி. படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோடது. முதல்ல லைஃப் ஜாக்கெட். பட்டையை மாட்டினா மட்டும் போதாது. கூட வந்தவங்களை விட்டு ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காது வரைக்கும் வந்தா அது லூஸ். தண்ணியில விழுந்தா ஜாக்கெட் மிதக்கும், ஆள் நழுவிடுவார்.

மிதிப்படகுல ரெண்டு இருக்கைக்கு நடுவுல இருக்குற கைப்பிடி சுக்கானைத் திருப்பும். படகு ஓடிக்கிட்டிருந்தாத்தான் சுக்கான் வேலை செய்யும். புதுசா மிதிக்கிறவங்க கரைக்குக் கிட்ட வந்ததும் பயந்து மிதிக்கிறதை நிறுத்திட்டு, அப்புறமா கைப்பிடியைத் திருகுறாங்க. படகு நேராப் போய் இடிக்குது. மெதுவா மிதிச்சுக்கிட்டே திருப்பணும். கைப்பிடியை நகர்த்தி ரெண்டு மூணு நொடி கழிச்சுத்தான் மூக்கு திரும்பும். அந்த நேரத்துல பொறுமை இல்லாம இன்னும் திருப்பினா, படகு பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் வளையும். சக்கரத்துல செடி சிக்கி மிதி இறுகினா பலத்தைக் காட்டாதீங்க. பின்பக்கமா நாலஞ்சு சுத்து மிதிங்க, அவிழ்ந்துடும். நாலு பேர் படகுல கனமான ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்தா, படகு அந்தப் பக்கமே சாஞ்சு இழுக்கும். கனமானவங்க மூலைக்கு மூலை எதிரெதிரா உக்காருங்க.

துடுப்புப் படகு எடுக்குறவங்களுக்கு ஒரு குழப்பம் வரும். துடுப்பு போடுறவர் போற திசைக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும். அப்ப வலக்கைத் துடுப்பை இழுத்தா படகு அவரோட இடக்கைப் பக்கம் திரும்பும். துடுப்பு ஆழமா இறங்கினா தண்ணி அதைப் பிடிச்சுக்கும், கைப்பிடி நெஞ்சுல வந்து குத்தும். பலகை மறையுற அளவு இறங்கினாப் போதும்.

எந்தப் படகா இருந்தாலும் முதல்ல காத்தை எதிர்த்துப் போங்க. களைச்சுத் திரும்புறப்ப அதே காத்து பின்னாலிருந்து தள்ளும். கரையில நின்னு அலை எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்தாலே காத்து தெரிஞ்சுடும்.

[காட்சி: ஏரி வழிந்தோடும் இடம். பிறகு கிளியூர்ப் படிகள்.]

படகு விட்டு இறங்கினதும் ஏரி வழியுற இடத்தைப் பாருங்க. தண்ணி நல்லா ஓடுதுன்னா கிளியூருக்குக் கிளம்பலாம். ஏரியில இருந்து சுமார் 3 கிலோமீட்டர்தான், சுமார் 300 அடி அருவி. கடைசிப் பகுதி நடந்து இறங்கணும். இறங்க ஆகுற நேரத்தைப் பாத்துக்குங்க, ஏற அதுல ரெண்டு பங்கு வெச்சுக்குங்க. முட்டிவலி உள்ளவங்க மேலேயே இருக்குறது நல்லது, இதுல மானப் பிரச்சினை ஒண்ணுமில்ல.

வழுக்குறது பச்சைப் பாசி மட்டுமில்ல. கறுப்பாக் காய்ஞ்ச மாதிரி தெரியுற பாறைமேலயும் மெல்லிய பாசி இருக்கும், அதுதான் ஆளை ஏமாத்தும். அடியில பள்ளம் பள்ளமா இருக்குற ஷூ போடுங்க, தேஞ்ச ரப்பர் செருப்பு வேண்டாம். குளிக்கிறப்ப தண்ணியோட நிறத்து மேல ஒரு கண்ணு இருக்கட்டும். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கினா, சுள்ளியும் இலையுமா வந்தா, மேல மழை பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கலாம், அதை நம்பாதீங்க. பையைத் தேடாம கரையேறிடுங்க. கனமழையில அருவிப் பாதையை மூடினா, அதுக்குக் காரணமும் இதுதான்.

[காட்சி: சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி.]

காப்பி இங்க 1820கள்ல வந்தது, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தார். மலையைச் சுத்திவர்ற சாலையில ரெண்டு பக்கமும் எஸ்டேட்தான். பாக்குறதுக்குக் காடு மாதிரி இருந்தாலும் அது ஒருத்தரோட தோட்டம், கேட்காம உள்ள போகக்கூடாது. இன்னொரு காரணம் காட்டெருமை. விடியற்காலையும் பொழுது சாயுற நேரமும் காப்பிச் செடிக்குள்ள நின்னா கண்ணுக்கே தெரியாது. தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பக்கவாட்டுல காட்டி, புஸ்ஸுன்னு மூச்சு விட்டா, "போயிடு"ன்னு சொல்லுது. முதுகைக் காட்டி ஓடாம, மெதுவாப் பின்வாங்குங்க. செல்ஃபிக்குக் கிட்டப் போறவங்களுக்குச் சொல்ல நம்மகிட்ட ஒண்ணுமில்ல.

வனத்துறைக் காட்டுக்குள்ள நடக்க அனுமதி கட்டாயம். 2024ல தமிழ்நாடு அரசு தொடங்கின மலையேற்றத் திட்டத்துல ஆன்லைன்ல பதிவு பண்ணா வழிகாட்டியோட போகலாம். கோடையில காட்டுத்தீ அபாயத்தால பாதைகளை மூடுவாங்க. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி இறந்ததுக்கு அப்புறம் இதுல யாரும் விளையாடுறதில்ல. சரிவுல தீ மேல்நோக்கித்தான் வேகமாப் பாயும். புகை தெரிஞ்சா உச்சியை நோக்கி ஓடாதீங்க. பக்கவாட்டுல, புல் இல்லாத பாறைப் பக்கமா விலகுங்க.

[காட்சி: மாலை. இறங்கும் வண்டிகள்.]

இறக்கம். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பெரும்பாலும் ரெண்டாவது. நியூட்ரல்ல விட்டா மொத்த பாரமும் பிரேக் மேல விழும். சூடு ஏறி பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. அதுக்கு முன்னாடியே கருகின வாடை வரும். வந்தா அகலமான இடமாப் பாத்து ஓரங்கட்டி, அரைமணி நேரம் ஆற விடுங்க. சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சுடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இன்ஜின் பிடிமானம் குறைவு, ரெண்டு பேர் வந்தா பாதி வழியில ஒரு தடவை கட்டாயம் நில்லுங்க.

[காட்சி: மூக்கனேரி. மரத்திட்டுகளில் அடையும் பறவைகள்.]

ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலைச் சரிவுல இறங்குற ஓடைத்தண்ணி, சேலத்துல கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக்கு வந்து சேருது. 2010ல சேலத்து மக்கள் சேர்ந்து இதைத் தூர்வாரினப்ப, தோண்டின மண்ணை ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டாக் குவிச்சு மரம் நட்டாங்க. இப்ப அந்தத் திட்டுகள்லதான் பறவைகள் அடையுது. சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்குற மாதிரி நில்லுங்க, இல்லன்னா எல்லாப் பறவையும் கறுப்பாத்தான் தெரியும். எட்டு மடங்கு பைனாகுலர் போதும், பத்துன்னா கை நடுக்கமும் சேர்ந்து பெருசாத் தெரியும்.