'வெள்ளையர்' என்ற ஒரு சொல்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவர்களில் யாருக்குக் குடியுரிமை தரலாம்? 1790-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென இயற்றிய முதல் சட்டம், அவர் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும் என்றது. யார் வெள்ளையர் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒன்றால் பல குடும்பங்கள் அலைக்கழிந்தன.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-இல் வந்த 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்கள் என்று அறிவித்தது. அப்போதும் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பலர் 1924 வரை காத்திருக்க நேர்ந்தது. அது தனியே ஒரு நாள் பேச வேண்டிய கதை. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் குடியுரிமைக்கான கதவு திறந்தது. ஆசியாவிலிருந்து வந்தவர்களுக்கோ பழைய சொல்லே குறுக்கே நின்றது.

ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவா, அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், அதாவது ஐரோப்பியரைச் சேர்த்து அன்றைய இனவியல் வகுத்த பிரிவினர், நீங்கள் அந்த இனமில்லை என்றது.

மூன்றே மாதங்களில் பகத் சிங் திந்த் வழக்கு வந்தது. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றியவர். 1918-இல் கிடைத்த குடியுரிமை நான்கே நாளில் ரத்தானது. 1920-இல் மீண்டும் கிடைத்தது. அதை எதிர்த்து அரசு வழக்காடியது. அன்றைய இனவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசியராகவே வகைப்படுத்தியிருந்தன. நீதிபதிகள் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். நூல்கள் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதர் யாரை வெள்ளையராகக் கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்று 1923 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார்கள். திந்த் தரப்பும் அவரை உயர்சாதி ஆரியர் என்று வாதிட்டது. கதவு எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று கேட்காமல், எங்களை மட்டும் உள்ளே விடுங்கள் என்று கேட்ட அந்த வாதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்தத் தீர்ப்பைக் காட்டி, ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர்களின் குடியுரிமையையும் அரசு பறித்தது. அவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய். 1915-இல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் வந்தவர். குடியுரிமை போனதும் கலிபோர்னியச் சட்டப்படி சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் போயிற்று. சொந்த ஊரைப் பார்த்துவர அமெரிக்கக் கடவுச்சீட்டு கேட்டார், மறுத்தார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் போகலாம் என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாம் என்று வந்தவரிடம் சொன்ன பதில் இது! 1928-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு நாளிதழுக்கு எழுதிவைத்த கடிதத்தில் தம் மனக்குமுறலைக் கொட்டியிருந்தார்.

திந்த், முன்னாள் போர்வீரர் என்ற முறையில் 1936-இல் மூன்றாம் முறையாகக் குடியுரிமை பெற்றார். மற்ற இந்தியர்களுக்கு 1946-இல்தான் வழி பிறந்தது. சட்டத்திலிருந்து இனத் தடை முழுவதும் நீங்கியது 1952-இல்.

கலா பகாயும் பின்னாளில் அமெரிக்கக் குடிமகளானார். முன்பு பெர்க்லி நகரில் வாங்கிய வீட்டுக்குச் சாமான்களோடு போய் இறங்கிய நாளில், இந்தியர் குடிவரக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். 2020-இல் அதே பெர்க்லியின் நகரமன்றம், நகரின் மையப்பகுதித் தெரு ஒன்றுக்குக் கலா பகாய் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது.

வணக்கம்.